எஸ்போசிட்டோ (இத்தாலியக் குடும்பப்பெயர்)

எஸ்போசிட்டோ என்பது தெற்கு இத்தாலியில், குறிப்பாக நேப்பிள்ஸ் நகரிலும் அதைச் சுற்றியுள்ள கம்பானியா மாநிலத்திலும் மிகுதியாக வழங்கும் ஒரு குடும்பப்பெயர் ஆகும். 'வெளியே வைக்கப்பட்டவர்' என்பது இதன் நேர்ப்பொருள். பெற்றோரால் கைவிடப்பட்டு, காப்பகங்களில் வளர்ந்த குழந்தைகளுக்கு இப்பெயர் பல நூற்றாண்டுகளாக இடப்பட்டு வந்தது. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையின் அடையாளமாகத் தொடங்கிய இப்பெயர், இன்று இத்தாலியில் மிகப் பரவலாக உள்ள குடும்பப்பெயர்களுள் ஒன்றாக விளங்குகிறது.

இப்பெயரின் வரலாறு, ஒரு சமூகம் ஆதரவற்ற குழந்தைகளை எவ்வாறு காத்தது என்பதையும், அதே வேளையில் அவர்கள் மீது எத்தகைய முத்திரையைக் குத்தியது என்பதையும் காட்டுகிறது.

ஒலிப்பும் சொற்பிறப்பும்

இத்தாலிய மொழியில் இப்பெயரை ஒலிக்கும்போது 'போ' என்னும் இரண்டாம் அசை அழுத்தம் பெறும். பிற நாட்டவர் பலர் 'சி' என்னும் அசையை அழுத்திச் சொல்வதுண்டு. அது இத்தாலிய ஒலிப்பு அன்று.

'எக்ஸ்பொசித்துஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து எஸ்போசிட்டோ பிறந்தது. இலத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே. 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்த 'எக்ஸ்போனெரே' என்ற வினைச்சொல் 'வெளியே வைத்தல்' எனப் பொருள்படும். பழங்கால உரோமையர், வளர்க்க விரும்பாத குழந்தையை வீட்டுக்கு வெளியே விட்டுவிடும் வழக்கத்தையும் இச்சொல்லாலேயே குறித்தனர். மாணவர்கள் அறிந்த 'எக்ஸ்போஸ்', 'எக்ஸ்போஷர்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவை.

இன்றைய இத்தாலிய மொழியில் இச்சொல்லின் வடிவம் 'எஸ்போஸ்தோ' என்பதாகும். பழைய வடிவம் பேச்சிலிருந்து மறைந்தாலும் குடும்பப்பெயரில் நிலைத்துவிட்டது. தெற்கே சிசிலியிலும் கலாபிரியாவிலும் இது 'ஸ்போசிட்டோ' என முதலெழுத்து குறைந்து வழங்குகிறது. வடக்கே பொலோஞா பகுதியில் 'தெலி எஸ்போஸ்தி' என்ற வடிவம் உள்ளது. 'கைவிடப்பட்டவர்களுள் ஒருவர்' என்பது அதன் பொருள். 'தெஸ்போசிட்டோ', 'எஸ்போஸ்தி' ஆகியனவும் இதன் வேறு வடிவங்களே. ஸ்பானிய மொழியில் இதே பொருளில் 'எக்ஸ்போசித்தோ' என்ற குடும்பப்பெயர் உண்டு.

வரலாற்றுப் பின்னணி

பண்டைய உரோமையில் பிறந்த குழந்தையை ஏற்பதும் மறுப்பதும் குடும்பத் தலைவரின் உரிமையாக இருந்தது. வெளியே விடப்பட்ட குழந்தையை எடுத்து வளர்ப்பவர், அதை அடிமையாக வைத்துக்கொள்வதும் நடந்தது. கைவிடப்பட்ட குழந்தைகள் அனைவரும் சுதந்திரமானவர்களே என்று பேரரசர் முதலாம் யுஸ்தினியன் 529இல் சட்டம் இயற்றினார்.

இடைக்காலத்தில் இப்பொறுப்பைத் திருச்சபை ஏற்றது. மிலான் நகரில் தத்தேயோ என்ற குருவானவர் 787இல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். ஐரோப்பாவில் இவ்வகையில் தோன்றிய முதல் இல்லமாக இது பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பின்னர் உரோமை, சியேனா, புளோரன்ஸ், நேப்பிள்ஸ், வெனிஸ் முதலிய நகரங்களில் பெரிய காப்பகங்கள் எழுந்தன.

குழந்தைகள் கைவிடப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் முதன்மையானவை. ஒன்று, மணமாகாமல் தாயான பெண்ணுக்கும் அவள் குடும்பத்துக்கும் நேரும் அவமானம். மற்றொன்று வறுமை. முறையாக மணம் புரிந்த தம்பதியரும் பஞ்ச காலத்திலும் வேலையில்லாக் காலத்திலும் குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுச் சென்றனர். பிழைப்பு சீரானதும் திரும்பி வந்து மீட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. ஆகவே 'எஸ்போசிட்டோ' என்ற பெயரைக் கொண்டு, அக்குழந்தை திருமணத்துக்கு வெளியே பிறந்தது என்று முடிவு செய்ய இயலாது.

சுழல்பெட்டி

காப்பகத்தின் வெளிச்சுவரில் ஒரு திறப்பு இருக்கும். அதற்குள் மரத்தாலான உருளை வடிவப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். இத்தாலியர் இதை 'ருவோத்தா', அதாவது சக்கரம் என்று அழைத்தனர். குழந்தையைக் கொண்டு வருபவர் தெருப்பக்கமிருந்து அதைப் பெட்டிக்குள் கிடத்தி, பெட்டியைச் சுழற்றி, அங்கிருக்கும் மணியை அடிப்பார். பெட்டி திரும்பியதும் உள்ளே காத்திருக்கும் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வார். வெளியே நிற்பவரின் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.

உரோமையின் சாந்தோ ஸ்பிரித்தோ மருத்துவமனையில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருத்தந்தை மூன்றாம் இன்னசென்ட் இம்முறையை ஏற்படுத்தியதாக மரபுச் செய்தி கூறுகிறது. டைபர் ஆற்றில் மீனவர்களின் வலையில் பச்சிளங்குழந்தைகளின் உடல்கள் சிக்கியதைக் கேட்டு அவர் வருந்தியதே இதற்குக் காரணம் என்பர்.

உள்ளே வந்த குழந்தையின் விவரங்கள் பதிவேட்டில் எழுதப்பட்டன. வந்த நாளும் நேரமும், ஏறத்தாழ எவ்வளவு வயது, என்ன துணியில் சுற்றப்பட்டிருந்தது, உடலில் ஏதேனும் அடையாளம் உண்டா என்பன அவற்றுள் அடங்கும். சில தாய்மார்கள் பாதியாக உடைத்த நாணயம், பதக்கம், கிழித்த படம் போன்ற ஒன்றைக் குழந்தையுடன் வைத்தனர். மறுபாதியைத் தாம் வைத்துக்கொண்டனர். பின்னாளில் குழந்தையை மீட்க வரும்போது இரு பாதிகளும் பொருந்தினால் அதுவே சான்று. இத்தகைய அடையாளப் பொருள்களுள் பல புளோரன்ஸ் காப்பகத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. அவற்றின் மறுபாதியைக் கொண்டு யாரும் வரவில்லை என்பதே அவை அங்கேயே இருப்பதன் பொருள்.

காப்பகத்துக்குள் வந்துவிட்டால் உயிர் தப்பியது என்று சொல்ல முடியாது. தாய்ப்பாலுக்கு மாற்று இல்லாத காலம் அது. பாலூட்டும் செவிலித்தாயர் போதிய அளவில் கிடைக்கவில்லை, தொற்றுநோய்களும் பரவின. பல காப்பகங்களில் குழந்தைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஒரு வயதை எட்டாமலேயே இறந்தனர். பிழைத்தவர்கள் கிராமப்புறச் செவிலித்தாயரிடம் கூலிக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டனர். வளர்ந்தபின் ஆண்பிள்ளைகள் தொழில் பழக அனுப்பப்பட்டனர். பெண்பிள்ளைகளுக்குச் சிறிய வரதட்சிணை தந்து மணம் முடித்து வைப்பதும் காப்பகங்களின் வழக்கமாக இருந்தது.

நேப்பிள்ஸ் நகரின் அன்னுன்சியாத்தா இல்லம்

எஸ்போசிட்டோ என்ற பெயருடன் நெருங்கிய தொடர்புடையது நேப்பிள்ஸ் நகரின் அன்னுன்சியாத்தா இல்லம். வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன நிகழ்வின் பெயரால் அமைந்த இந்த அறநிலையம் 14ஆம் நூற்றாண்டில் தோன்றியது. கோயில், மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம் ஆகியவை ஒரே வளாகத்தில் இருந்தன. அரச குடும்பத்தாரும் செல்வந்தர்களும் அளித்த கொடைகளால் இது நேப்பிள்ஸின் பெரும் அறநிலையங்களுள் ஒன்றாக வளர்ந்தது.

இங்கு வளர்ந்தவர்களை மக்கள் 'ஃபீலி தெல்லா மதோன்னா', அதாவது 'மாதாவின் பிள்ளைகள்' என்று அழைத்தனர். காப்பகக் குழந்தை என்பதற்கு அடையாளமாக ஈயத்தாலான பதக்கம் ஒன்று அவர்களின் கழுத்தில் கட்டப்பட்டது. பதிவேட்டில் திருமுழுக்குப் பெயருக்கு அருகில் எழுதப்பட்ட 'எஸ்போசிட்டோ' என்ற குறிப்பு, காலப்போக்கில் குடும்பப்பெயராகவே ஆனது. தெருவில் அன்பும் பரிவும் கலந்து 'மாதாவின் பிள்ளை' என்றழைத்த அதே ஊர், ஏட்டில் 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று எழுதியது. அந்த எழுத்துத்தான் பேரப்பிள்ளைகள் வரை தொடர்ந்தது.

திரெந்து பொதுச்சங்கத்தின் முடிவுப்படி (1563) திருமணப் பதிவேடுகளைப் பங்குகள் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயமானது. திருமுழுக்குப் பதிவேடுகளும் எங்கும் முறைப்பட்டன. இதனால் குடும்பப்பெயர்கள் மாறாமல் நிலைபெற்றன. கைவிடப்பட்ட குழந்தையின் குறிப்பும் இவ்வாறே நிலைத்தது.

அன்னுன்சியாத்தாவின் சுழல்பெட்டி 1875இல் மூடப்பட்டது. அது இருந்த இடத்தைப் பார்வையாளர்கள் இன்றும் காணலாம்.

பிற நகரங்களில் இடப்பட்ட பெயர்கள்

இத்தாலி 1861 வரை பல அரசுகளாகப் பிரிந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு நகரக் காப்பகமும் தனக்கெனப் பெயரிடும் மரபைக் கொண்டிருந்தது. அவற்றுள் முக்கியமானவை வருமாறு:

இன்னொசெந்தி – புளோரன்ஸ். ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் அமைந்த 'இன்னொசெந்தி' காப்பகத்திலிருந்து வந்தது. கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கி வடிவமைத்த இக்காப்பகத்தின் பணி 1419இல் தொடங்கியது. 1445 பிப்ரவரி மாதம் முதல் குழந்தை இங்கு ஏற்கப்பட்டது. 'தெலின்னொசெந்தி', 'நொச்செந்தினி' ஆகியனவும் இவ்வகைப் பெயர்களே.

புரொயெத்தி – உரோமை. 'வெளியே எறியப்பட்டவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எஸ்போசிட்டோவைவிடக் கடுமையான பொருள் கொண்டது.

கொலம்போ – மிலான். 'புறா' என்பது பொருள். நகரின் பெரிய மருத்துவமனையின் சின்னத்தில் புறா இருந்ததால் இப்பெயர் இடப்பட்டது. எனினும் கொலம்போ என்ற பெயர் வேறு வழிகளிலும் தோன்றியுள்ளது. ஆகவே அப்பெயருடையோர் எல்லாரும் காப்பகக் குழந்தைகளின் வழிவந்தவர்கள் அல்லர்.

தெல்லா ஸ்காலா – சியேனா. அந்நகரின் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா மருத்துவமனையின் பெயரிலிருந்து வந்தது.

திரொவாத்தோ – சிசிலி. 'கண்டெடுக்கப்பட்டவர்' என்பது பொருள்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். இன்னொசெந்தி, கொலம்போ, தெல்லா ஸ்காலா ஆகியவை குழந்தையை ஏற்ற இல்லத்தைக் குறிக்கின்றன. எஸ்போசிட்டோ, புரொயெத்தி ஆகியவை குழந்தைக்கு நேர்ந்ததைக் குறிக்கின்றன.

பெயரைத் தடைசெய்த ஆணைகள்

இப்பெயர் அதைத் தாங்கியவருக்கு வாழ்நாள் முழுவதும் சுமையாக இருந்தது. வேலை கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் பெயரைச் சொன்ன உடனேயே பிறப்பின் கதை வெளிப்பட்டுவிடும். இதை உணர்ந்து சில அரசுகள் நடவடிக்கை எடுத்தன.

ஸ்பெயினில் மன்னர் நான்காம் கார்லோஸ் 1794இல் ஓர் ஆணை பிறப்பித்தார். பெற்றோர் தெரியாத குழந்தைகளை முறைப்படி பிறந்தவர்களாகவே கருத வேண்டும் என்றும், அவர்களின் பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்துவோர் தண்டிக்கப்படுவர் என்றும் அவ்வாணை கூறியது. நேப்பிள்ஸ் அரசில், நெப்போலியனின் மைத்துனரான யோவாக்கிம் மூராட் (ஆட்சிக்காலம் 1808–1815) காலத்தில், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு எஸ்போசிட்டோ என்ற பெயரை இடுவது தடைசெய்யப்பட்டது. மிலானில் கொலம்போ என்ற பெயரிடும் வழக்கம் 1825 அளவில் முடிவுக்கு வந்தது. இத்தாலி ஒன்றுபட்ட பின் (1861), பிறப்பின் நிலையை வெளிப்படுத்தும் பெயர்களை இடும் வழக்கம் நாடு முழுவதும் சட்டத்தால் விலக்கப்பட்டது.

சுழல்பெட்டிகளும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1867இல் பெராரா நகரமும் 1868இல் மிலானும் அவற்றை நீக்கின. எஞ்சியவற்றை 1923ஆம் ஆண்டு அரசு ஒழுங்குமுறை முடிவுக்குக் கொண்டுவந்தது.

தடையால் பிறந்த அரிய பெயர்கள்

மூராட் காலத் தடைக்குப் பின் ஒரு புதிய சிக்கல் எழுந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பெயரிட்டால் அப்பெயரும் சில ஆண்டுகளில் புதிய முத்திரையாகிவிடும். எனவே அதிகாரிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் வெவ்வேறு குடும்பப்பெயரைப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. பூக்கள், மரங்கள், மாதங்கள், கிழமைகள், ஊர்கள், குணங்கள் என எல்லாவற்றிலிருந்தும் பெயர்கள் எடுக்கப்பட்டன. சில இடங்களில் எழுத்து வரிசைப்படி பெயர்கள் அமைக்கப்பட்டன.

இவ்வாறு ஒரே ஒரு குழந்தைக்காகப் படைக்கப்பட்ட பெயர், அக்குழந்தையின் வழித்தோன்றல்களிடம் மட்டுமே இருக்கும். இத்தாலியில் சில குடும்பங்களில் மட்டும் காணப்படும் அரிய குடும்பப்பெயர்களுள் பல இவ்வழியில் தோன்றியவை. ஒரே காரணத்திலிருந்து, தடைக்கு முன் நாட்டின் மிகப் பரவலான பெயர்களுள் ஒன்றும், தடைக்குப் பின் மிக அரிய பெயர்கள் பலவும் பிறந்துள்ளன.

பரவல்

இத்தாலியக் குடும்பப்பெயர்களை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் பட்டியல்களில் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, பெராரி ஆகியவற்றுடன் எஸ்போசிட்டோவும் முன்வரிசையில் இடம்பெறுகிறது. பொதுவாக இதற்கு நான்காம் இடம் தரப்படுகிறது. நேப்பிள்ஸ் பகுதியில் இதுவே முதலிடம் பெறுகிறது.

ரோஸ்ஸி, ருஸ்ஸோ ஆகியவை செந்நிற முடி அல்லது சிவந்த நிறம் கொண்டோரைக் குறிப்பவை. பெராரி என்பது கொல்லர் தொழிலிலிருந்து வந்தது. இத்தகையோர் எல்லா ஊர்களிலும் இருந்ததால் அப்பெயர்கள் பரவியதில் வியப்பில்லை. ஆனால் எஸ்போசிட்டோ மிகுந்ததற்குக் காரணம் வேறு. ஒரே பெயர் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்ப இடப்பட்டது. குடும்பப்பெயர் தந்தை வழியாகவே சென்றதால், காப்பகப் பெண்குழந்தைகளின் பெயர் அவர்களோடு நின்றுவிட்டது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் இளமையிலேயே இறந்தனர். அவ்வாறிருந்தும் இப்பெயர் இவ்வளவு பரவியிருப்பது, கைவிடப்பட்டோர் தொகை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை உணர்த்துகிறது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தெற்கு இத்தாலியிலிருந்து இலட்சக்கணக்கானோர் குடிபெயர்ந்தனர். அவர்களுடன் இப்பெயர் அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, அர்ஜென்டினா முதலிய நாடுகளுக்கும் சென்றது.

மரபுவழி ஆய்வில் இப்பெயர்

பொதுவாக அரிய குடும்பப்பெயர் கொண்ட இருவர் சந்தித்தால், அவர்களுக்குப் பொதுவான மூதாதையர் இருக்க வாய்ப்பு மிகுதி. எஸ்போசிட்டோ என்ற பெயருடைய இருவருக்கு இது பொருந்தாது. ஒவ்வொரு எஸ்போசிட்டோ குடும்பமும் ஒரு தனிக் குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. அக்குழந்தைகளிடையே இரத்த உறவு இல்லை.

தம் முன்னோரைத் தேடும் எஸ்போசிட்டோ குடும்பத்தினர் பங்குப் பதிவேடுகளில் பின்னோக்கிச் சென்றால், ஒரு நாள் ஒரு காப்பகத்தின் வாயிலில் வந்து நிற்பர். அங்கே தேதியும் நேரமும் துணியின் நிறமும் கிடைக்கலாம். பெற்றோர் பெயர் மட்டும் கிடைக்காது. தேடல் பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடும்.

இப்பெயர் கொண்ட குறிப்பிடத்தக்கவர்கள்

ரஃபாயேலே எஸ்போசிட்டோ – நேப்பிள்ஸ் நகரப் பீட்சா தயாரிப்பாளர். 1889இல் அரசி மார்கெரித்தாவுக்காக அவர் செய்த பீட்சாவே 'மார்கெரித்தா பீட்சா' ஆயிற்று என்பது புகழ்பெற்ற கதை. அதன் சில பகுதிகளை வரலாற்றாளர்கள் ஐயுறுகின்றனர்.

ரொபெர்த்தோ எஸ்போசிட்டோ (பிறப்பு 1950) – இத்தாலிய மெய்யியலாளர். 'சமூகம்' என்றால் என்ன, அதற்குள் யார், வெளியே யார் என்ற கேள்விகளை ஆராய்ந்தவர்.

பில் எஸ்போசிட்டோ (பிறப்பு 1942), டோனி எஸ்போசிட்டோ (1943–2021) – கனடாவின் பனிவளைகோற் பந்தாட்டச் சகோதரர்கள். வட அமெரிக்கத் தேசிய ஹாக்கிக் கூட்டமைப்பில் ஒரு பருவத்தில் 100 புள்ளிகளைக் கடந்த முதல் வீரர் பில். இச்சாதனை 1968–69 பருவத்தில் நிகழ்ந்தது. டோனி இலக்குக் காவலர்.

ஜான்கார்லோ எஸ்போசிட்டோ (பிறப்பு 1958) – அமெரிக்க நடிகர். 'பிரேக்கிங் பேட்' தொலைக்காட்சித் தொடரால் உலகப் புகழ் பெற்றவர்.

இன்றைய சட்டநிலை

1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளையும் பேணுவது பெற்றோரின் கடமை எனக் கூறுகிறது. பெற்றோர் பெயரைச் சான்றிதழ்களில் குறிப்பிடும் வழக்கத்தை 1955ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதற்கு முன், தந்தை பெயர் தெரியாதவரின் ஆவணங்களில் 'பெயர் அறியேன்' என்ற பொருள்படும் இலத்தீன் எழுத்துச் சுருக்கம் இடம்பெற்று, அவர்களைக் காட்டிக்கொடுத்து வந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டம், எவ்வாறு பிறந்திருந்தாலும் பிள்ளைகள் அனைவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையினர் என்று அறிவித்தது.

2000ஆம் ஆண்டின் குடிப்பதிவு ஒழுங்குமுறைப்படி, பெற்றோர் தெரியாத குழந்தைக்கு அதன் பிறப்பு நிலையை உணர்த்தும் பெயரையோ குடும்பப்பெயரையோ பதிவாளர் இடக்கூடாது. அதே ஒழுங்குமுறை, பிறப்பு நிலையை வெளிப்படுத்தும் குடும்பப்பெயரைக் கொண்டோர் அதை மாற்றக் கோரி அரசிடம் விண்ணப்பிக்கவும் வழிசெய்தது. ஆகவே இன்று யாரும் கட்டாயத்தால் எஸ்போசிட்டோவாக இருப்பதில்லை. எனினும் இப்பெயர் பட்டியலின் முன்வரிசையிலேயே நீடிக்கிறது. நேப்பிள்ஸ் நகரில் கடைப் பலகைகளிலும் வீட்டு அழைப்புமணிகளின் அருகிலும் இது சாதாரணமாகக் காணப்படும் பெயர். தெருவுக்குத் தெரு எஸ்போசிட்டோக்கள் வாழும் ஊரில் அப்பெயர் எவரையும் தனித்துக் காட்டுவதில்லை.